கல்லுக்கு அடியில் யார் இல்லை? ஓடைச் சிற்றுயிர்களை வைத்து நீரின் மாசை அறியும் வழி

ஓடையில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் சலசலத்து ஓடும் ஓர் இடத்தில், உள்ளங்கை அகலக் கல் ஒன்றை எடுத்து மெதுவாகப் புரட்டிப் பாருங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. ஈரம் மினுங்கும், கொஞ்சம் பாசி ஒட்டியிருக்கும். பத்து எண்ணுவதற்குள் கல்லின் ஒரு துண்டே நகர்வது போலத் தோன்றும். தட்டையான தலை, பக்கவாட்டில் விரித்து வைத்த ஆறு கால்கள், பின்னால் முடி போல நீண்ட வால்கள். வெளிச்சம் பிடிக்காமல் கல்லின் மறுபக்கத்துக்கு வழுக்கிக்கொண்டே ஓடும். உற்றுப் பார்த்தால் வயிற்றின் இரு ஓரத்திலும் சின்னச் சின்ன இலைகள் போல ஏதோ படபடக்கும். அவைதான் செவுள்கள். மேஃபிளை என்ற பூச்சியின் இளம்பருவம் இது.

அந்தப் பூச்சி அங்கே இருக்கிறது என்றால், அந்தத் தண்ணீர் பல வாரங்களாகவே மூச்சுவிடத் தகுந்ததாக இருந்திருக்கிறது. ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சோதனைக்கு அனுப்பினால், பிடித்த நிமிடத்தில் அதில் என்ன இருந்தது என்றுதான் தெரியும். இரவில் யாரோ கழிவைத் திறந்துவிட்டு விடிவதற்குள் மூடிவிட்டால், காலையில் எடுத்த தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கும். அடித்தளத்தில் வாழும் உயிர்களோ எங்கும் தப்பிப் போக முடியாது. மேஃபிளை இளம்பருவம் நீருக்குள் சில வாரங்கள் முதல் ஓராண்டுக்கு மேலும் கழிக்கிறது. ஸ்டோன்ஃபிளை என்ற இன்னொரு ஓடைப்பூச்சியின் பெரிய இனங்கள் சில, இளம்பருவத்தில் 2, 3 ஆண்டுகள்கூட நீருக்கடியில் இருக்கும். அந்தக் காலம் முழுவதும் ஓடையில் நடந்த எல்லாமே அவற்றின் உடம்பு வழியாகத்தான் போயிருக்கும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் நாம் இல்லை. ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இருவர் எந்த அளவு அழுக்கில் எந்த உயிர் வாழும் என்று 1900களின் தொடக்கத்திலேயே வரிசைப்படுத்தினார்கள். விலங்குகளுக்கான பட்டியல் 1909-இல் வந்தது. இன்று பல நாடுகளில் ஆறுகளின் நலத்தை அளக்க இந்த முறையின் வாரிசுகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். புதிதாகத் தொடங்குபவர் ஒரு காலைப்பொழுதில் செய்யக்கூடிய அளவுக்கு அதைக் கீழே சொல்கிறேன்.

என்னென்ன வேண்டும்

அடிப்பக்கம் தட்டையான கைப்பிடி வலை ஒன்று, கண்ணளவு சுமார் 0.5 மில்லிமீட்டர். அகலமான வெள்ளைத் தட்டு. வெள்ளையாக இருந்தால்தான் பூச்சிகள் கண்ணுக்குத் தெரியும். ஒரு வாளி, மெல்லிய பெயின்ட் பிரஷ், பிளாஸ்டிக் ஸ்பூன், 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். வகை பிரித்துப் போட ஐஸ் கட்டி வைக்கும் தட்டைப் போல வசதியானது வேறில்லை. குறிப்பெடுக்கப் பேனா வேண்டாம், நனைந்தால் கலைந்துவிடும். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகாதீர்கள். நீர் முழங்காலைத் தாண்டினாலோ, மழைக்குப் பிறகு கலங்கி வேகமாக ஓடினாலோ இறங்காதீர்கள். கையில் காயம் இருந்தால் மூடிவிட்டு கையுறை போடுங்கள். சாக்கடை வாடை அடிக்கும் நீரிலோ ரசாயன நெடி வீசும் நீரிலோ எந்தக் காரணத்துக்காகவும் கால் வைக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் போன்ற நோய்கள் இப்படித்தான் தொற்றும். அங்கே கரையிலிருந்து பார்த்தே எழுத நிறைய இருக்கிறது.

முதல் படி: ஓர் இடம் போதாது, இரண்டு வேண்டும்

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். மாசு கலப்பதாகச் சந்தேகப்படும் இடத்துக்குக் கீழே மட்டும் வலை போட்டுவிட்டு "ஒன்றுமே இல்லை, செத்துப்போன ஓடை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த ஓடையில் மேலேயும் அப்படித்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள். முடிந்தால் இன்னும் கீழே போய் மூன்றாவது இடத்தையும் பார்க்கலாம்.

இரண்டு இடமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மேலே கல் மீது நுரைத்து ஓடும் இடம் என்றால் கீழேயும் அப்படிப்பட்ட இடம்தான். நான் தொடக்கத்தில் ஒருமுறை மேலே கல்லோட்டத்திலும் கீழே மணல் படிந்த மடுவிலும் வலை போட்டேன். மேலே பதினெட்டு வகை, கீழே ஐந்து. நடுவில் இருந்த ஒரு குழாய்தான் காரணம் என்று குறிப்பேட்டில் எழுதியும் விட்டேன். மதியம் என்னுடன் வந்தவர் கேட்டுக்கொண்டதால் குழாய்க்குக் கீழே இருந்த கல்லோட்டத்திலும் பார்த்தோம். மேலே இருந்த மேஃபிளைகள் எல்லாம் அங்கேயும் இருந்தன. மடுவில் அவை இல்லாததற்குக் காரணம் மடுதான். அன்றிலிருந்து இடம் தேர்ந்தெடுப்பதற்குத்தான் அதிக நேரம் செலவிடுகிறேன்.

இரண்டாம் படி: இறங்கும் முன் கரையில் ஐந்து நிமிடம்

நீரின் நிறம், வாடை, நுரை, கல்லின் மேல் என்ன படிந்திருக்கிறது என்று எழுதுங்கள். கல்லிலும் கிளையிலும் சாம்பல் நிறப் பஞ்சுத் திரி போல ஏதாவது ஆடிக்கொண்டிருந்தால், அது பாசி இல்லை. கழிவுநீரில் செழிக்கும் பாக்டீரியாக் கூட்டம். அதைக் கண்டால் பாதி விடை கிடைத்துவிட்டது.

தேங்கிய ஓரத்தில் வானவில் நிறப் படலம் மிதந்தால் உடனே எண்ணெய் என்று எழுதிவிடாதீர்கள். ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடி உடைந்தது போலத் துண்டு துண்டாகப் பிரிந்தால் அது இரும்பை உண்ணும் பாக்டீரியாவின் வேலை, இயற்கையானது. கலைந்த பின் மறுபடி ஒன்றுசேர்ந்து மூடிக்கொண்டால் எண்ணெய்.

வெப்பநிலையும் குறித்துக்கொள்ளுங்கள். நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் கரையும் என்றால், 30 டிகிரியில் சுமார் 7.5தான். அதே அளவு கழிவு வெயில் காலத்தில் கூடுதலாகக் கொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாம் படி: வலை போடுதல்

எப்போதும் கீழ் இடத்தை முதலில் செய்யுங்கள். மேலே கலக்கினால் சேறும் பூச்சிகளும் கீழே வந்துவிடும்.

வலையின் வாய் நீரோட்டத்தை எதிர்த்து இருக்கும்படி அடியோடு ஒட்டிப் பிடியுங்கள். வலைக்கு மேல்பக்கம் நின்று, காலால் கற்களையும் சரளையையும் கிளறுங்கள். கிளம்புவதெல்லாம் நீரோட்டத்தோடு வலைக்குள் போகும். மொத்தம் 3 நிமிடம். ஒரே இடத்தில் நிற்காமல் நடு ஓட்டம், ஓரம், இலைச்சருகு தேங்கிய மூலை, நீர்ச்செடி வேர் என்று நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு நிமிடம் கையால் கற்களை எடுத்து, ஒட்டிக்கொண்டிருப்பவற்றைப் பிரஷால் வாளியில் தள்ளுங்கள். எடுத்த கல்லை எடுத்தபடியே திரும்ப வையுங்கள். அந்தக் கல் ஏதோ ஒன்றின் வீடு.

இரண்டு இடத்திலும் ஒரே நேரம், ஒரே ஆள், ஒரே வலை. இது மாறினால் ஒப்பிட முடியாது.

நான்காம் படி: தட்டில் யார் யார்?

தட்டில் ஓடை நீரையே இரண்டு விரற்கடை ஊற்றி, வலையைக் கவிழ்த்து அலசுங்கள். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் சும்மா பாருங்கள். சருகு சருகாகவே இருக்கும், உயிருள்ளது அசையும். தட்டை நிழலில் வையுங்கள். சூடான தட்டில் அரை மணி நேரத்தில் செவுள் உள்ளவை செத்துப்போகும்.

பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். இனம் வரை போகத் தேவையில்லை, குடும்பம் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டம்) வரைகூட முதல் நாளில் வேண்டாம். பெரிய வகைகள் தெரிந்தால் போதும்.

மாசைத் தாங்காதவை மூன்று கூட்டம். மேஃபிளையைப் பார்த்துவிட்டோம்: வயிற்றோரம் செவுள், பெரும்பாலும் மூன்று வால், ஒவ்வொரு காலிலும் ஒரே நகம். ஸ்டோன்ஃபிளைக்கு எப்போதும் இரண்டு வால், காலில் இரண்டு நகம், நடையில் ஒரு நிதானம். மூன்றாவது கேடிஸ்ஃபிளை. இதன் புழுக்களில் பல, வாயிலிருந்து வரும் பட்டு நூலால் மணலையோ இலைத்துணுக்கையோ ஒட்டி ஒரு குழாய் கட்டி அதற்குள் வாழும். தட்டில் ஒரு சிறு குச்சி தானாக நடந்தால் அதைக் கையிலெடுத்து முன்பக்கத்தைப் பாருங்கள், தலை எட்டிப்பார்க்கும்.

ஸ்டோன்ஃபிளையிடம் ஒரு பழக்கம் உண்டு. தட்டில் நீர் தேங்கி ஆக்சிஜன் குறைய ஆரம்பித்ததும், நின்ற இடத்திலேயே கால்களை மடக்கி நீட்டி உடம்பை மேலும் கீழும் அசைக்கும், தண்டால் எடுப்பது போல. ஓடும் நீரில் செவுளைத் தேடித் தானாக வந்த தண்ணீரை, இப்போது அது உடம்பை அசைத்து வரவழைக்கிறது. இதைப் பார்த்தவுடன் தட்டின் நீரை மாற்றுங்கள். மாசடைந்த ஓடையில் அதற்கு நீர் மாற்றிக் கொடுக்க யாருமில்லை. ஆக்சிஜன் குறைவது என்றால் என்ன என்று பத்துப் பக்கம் படித்துப் புரியாதது எனக்கு அந்த அசைவில் புரிந்தது.

நடுத்தரமானவை: தட்டான், ஊசித்தட்டான் இளம்பருவங்கள், பக்கவாட்டில் தட்டையான நன்னீர் இறால் போன்றவை, வலை கட்டி இரை பிடிக்கும் கேடிஸ் புழுக்கள், கல்லில் கொத்தாகத் தொங்கும் கருப்பு ஈயின் புழுக்கள், பல வண்டுகள்.

தாங்குபவை: அட்டைகள், காற்றைச் சுவாசிக்கும் நத்தைகள், கொசு போன்ற, ஆனால் கடிக்காத ஒரு சிறு ஈயின் இளம்பருவமான சிவப்பு இரத்தப்புழு, டியூபிஃபெக்ஸ் என்ற சேற்றுப் புழுக்கள். மீன் வளர்ப்பவர்களுக்குக் கடைசி இரண்டும் நன்றாகத் தெரியும். இவை சிவப்பாக இருப்பது ஹீமோகுளோபின் இருப்பதால். நம் இரத்தத்தில் இருப்பதைப் போன்றதே. ஆக்சிஜன் அற்பமாக இருக்கும் சேற்றிலும் அதைப் பற்றிப் பிடித்துக்கொள்ள முடிகிறது. இன்னும் மோசமான இடத்தில் எலிவால் புழு இருக்கும். தொலைநோக்கி போல நீளும் குழாயை நீருக்கு வெளியே நீட்டி, காற்றையே மூச்சாக எடுத்துக்கொள்ளும். நீரில் ஆக்சிஜனே இல்லாவிட்டாலும் அதற்குக் கவலையில்லை.

ஐந்தாம் படி: இல்லாதவர்களைப் படித்தல்

இதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. இரத்தப்புழு இருப்பதால் மட்டும் ஓடை கெட்டது என்று சொல்ல முடியாது. நல்ல ஓடையின் சேற்றிலும் நாலைந்து இருக்கும். மேலே இருந்தவர்களில் யார் கீழே இல்லை என்று பாருங்கள். காணாமல் போனவர்களின் பட்டியல், என்ன கலந்தது என்பதையே பல நேரம் காட்டிக்கொடுக்கும்.

சாக்கடை, உணவுக்கழிவு, சாணம் போன்ற மட்கும் கழிவு என்றால்: பாக்டீரியாக்கள் அதைத் தின்று பெருகி ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். ஸ்டோன்ஃபிளை முதலில் போகும், பிறகு பெரும்பாலான மேஃபிளைகள். வகை குறையும், ஆனால் எண்ணிக்கை ஏறும். ஒரு கைப்பிடிச் சேற்றில் டியூபிஃபெக்ஸ் சிவப்பு நூல்கண்டாகத் திரளும். "எத்தனை உயிர்கள் பாருங்கள், ஓடை செழிப்பாக இருக்கிறதே" என்று ஏமாந்துவிடக் கூடாது. கீழே போகப் போக இந்தக் காட்சி வரிசையாக மாறும்: முதலில் சேற்றுப் புழுக்கள், பிறகு இரத்தப்புழு, பிறகு நீர்ப்பேன் எனப்படும் சிறு ஓடுடலிகளும் அட்டைகளும், அதற்கும் கீழே நன்னீர் இறால், கடைசியில் மேஃபிளை. எந்த இடத்தில் மேஃபிளை திரும்ப வருகிறது என்று கண்டுபிடித்தால், அந்த ஓடை தன்னைத் தேற்றிக்கொள்ள எவ்வளவு தூரம் ஆகிறது என்பதை அளந்துவிட்டீர்கள்.

பூச்சிக்கொல்லி என்றால் படமே வேறு. பூச்சிகளும் இறால் வகைகளும் கூட்டமாகக் காணாமல் போகும். நத்தை, அட்டை, சேற்றுப் புழு அப்படியே இருக்கும். நல்ல நீரில் வாழும், செவுளால் மூச்சுவிடும் நத்தைகள் நலமாக இருந்து, பக்கத்தில் ஒரு மேஃபிளைகூட இல்லை என்றால் உடனே சந்தேகப்படுங்கள். ஆக்சிஜன் குறைந்திருந்தால் அந்த நத்தைகளும் போயிருக்க வேண்டும். மருந்து பட்டவுடன் பூச்சிகள் பிடியை விட்டு நீரோடு அடித்துச் செல்லப்படும். சில நாளில் வலை போட்டால் பிணம்கூட இருக்காது, வெறும் கல்தான். 2013 ஜூலையில் இங்கிலாந்தின் கென்னட் ஆற்றில் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்து, சுமார் 15 கிலோமீட்டருக்கு இறால்களும் பூச்சிகளும் அழிந்தன. அதைக் கண்டுபிடித்தது வழக்கம்போல வலை போட்டுப் பார்த்த தன்னார்வலர்கள். அவர்களிடம் பழைய கணக்கு இருந்ததால்தான், என்ன காணாமல் போனது என்று சொல்ல முடிந்தது.

உலோகங்கள் கலந்தால் எண்ணிக்கையும் வகையும் சேர்ந்தே விழும். கல்லில் ஒட்டி ஊரும் தட்டை மேஃபிளைகள் முதலில் போகும், செம்பு என்றால் நத்தைகளும். சில கேடிஸ் புழுக்களும் சில இரத்தப்புழு உறவினர்களும் தாக்குப்பிடிக்கும்.

அமிலநீர் கொஞ்சம் குழப்பும். நத்தை ஓடு கட்டச் சுண்ணாம்பு கிடைக்காது, இறால்களும் பல மேஃபிளைகளும் மறையும், ஆனால் சில ஸ்டோன்ஃபிளைகள் நிம்மதியாக இருக்கும். "ஸ்டோன்ஃபிளை இருக்கிறது, அதனால் சுத்தம்" என்ற பாடம் இங்கே செல்லாது.

இன்னொன்று பலரும் மாசாகவே நினைக்காதது: மண். கரையை வெட்டுவது, செடிகளை அகற்றுவது, மண்ணைக் கிளறுவது எல்லாம் வண்டலாக ஓடைக்குள் வந்து இறங்கும். நஞ்சு ஒரு துளிகூட இல்லை. ஆனால் கற்களுக்கு நடுவே இருந்த இடுக்குகள் அடைபட்டுப் போகும், செவுள்களில் மண் படியும், பாசி மூடிப்போய் மேய்பவர்களுக்கு உணவில்லாமல் ஆகும். கல்லை எடுத்தால் பாதிக்கு மேல் சேற்றில் புதைந்து, பிடுங்க வேண்டியிருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்த்த ஓடைகளில் அதிகம் கெட்டவை இப்படித்தான் கெட்டன, வாடையும் நிறமும் இல்லாமல்.

உரச்சத்து அதிகமானால் கற்கள் பச்சைப் பாசியால் மூடும், நத்தைகள் பெருகும். பகலில் பாசி ஆக்சிஜனை அள்ளிக்கொடுக்கும், இரவில் அதுவே இழுத்துக்கொள்ளும். மதியம் அளந்தால் எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரியும். விடியற்காலையில்தான் மூச்சு முட்டும். பூச்சிகள் அந்த விடியற்காலைக்கும் சாட்சி.

ஆறாம் படி: மதிப்பெண்

பிரிட்டனில் 1970களில் உருவான முறை ஒன்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுக்கிறது. சேற்றுப் புழுவுக்கு 1, இரத்தப்புழுவுக்கு 2, அட்டைகளில் பலவற்றுக்கு 3, தட்டானுக்கு 8, பல ஸ்டோன்ஃபிளைகளுக்கும் தட்டை மேஃபிளைகளுக்கும் 10. குடும்பங்களைப் பிரிக்கப் பழகிய பிறகு, தட்டில் உள்ள குடும்பங்களின் மதிப்பெண்ணைக் கூட்டுங்கள். ஒரு குடும்பத்தில் நூறு பேர் இருந்தாலும் ஒருமுறைதான் கணக்கு. கூட்டியதைக் குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி வரும். அந்தச் சராசரியைத்தான் நான் அதிகம் நம்புவேன். இன்னும் கொஞ்சம் நேரம் தேடினால் மொத்தம் ஏறிவிடும், சராசரி அவ்வளவு அசையாது.

இந்த மதிப்பெண்கள் குளிர்ந்த நாட்டு ஓடைகளுக்கு வகுத்தவை. ஸ்பெயின், தாய்லாந்து உட்படப் பல நாடுகளில் தங்கள் உயிர்களுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பகுதிக்கான பட்டியல் இருந்தால் அதையே எடுங்கள். இல்லாவிட்டால் எண்ணை விட்டுவிட்டு மேல் இடத்தையும் கீழ் இடத்தையும் ஒப்பிடுங்கள், அதுவே நிறையச் சொல்லும்.

அவசரப்பட்டுக் குற்றம் சாட்டும் முன்

மேஃபிளைகள் இறக்கை முளைத்துக் கூட்டமாகப் பறந்துபோன மறுவாரம் ஓடை காலியாகத்தான் தெரியும். பறந்தவை சில மணி நேரமோ ஓரிரு நாளோதான் உயிரோடிருக்கும். முட்டைகளோ கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கிடக்கும். பெருவெள்ளம் போன பின்பும், ஓடை வற்றி மறுபடி ஓடத் தொடங்கிய பின்பும் இப்படியே. சில வாரம் கழித்து மறுபடி வாருங்கள். ஒரே ஒரு முறை எடுத்த கணக்கை வைத்து யார்மீதும் விரல் நீட்டாதீர்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, ஒரே பருவங்களில், ஒரே இடத்தில் எடுத்த கணக்குக்கு வலு அதிகம்.

ஆனால் செத்த உயிர்கள் மிதந்தாலோ, சென்ற முறை நிறைய இருந்தவை மொத்தமாகக் காணாமல் போயிருந்தாலோ காத்திருக்க வேண்டாம். நேரம், இடம், படம், தட்டில் கண்டவற்றின் பட்டியல் ஆகியவற்றோடு மாசுக் கட்டுப்பாட்டுப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு அன்றே தெரிவியுங்கள். நஞ்சு நீரோடு போய்விடும்; அவர்கள் நீரெடுக்க ஒரு நாள் தாமதமானாலும் தடயம் இல்லாமல் போகலாம்.

திரும்பும் முன்

எண்ணி முடித்ததும் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விடுங்கள். தட்டை உயரத்திலிருந்து கொட்டாமல், நீருக்குள் சாய்த்துப் பிடித்தால் தாமாகவே இறங்கிப்போகும். வலையின் மடிப்புகளைப் பாருங்கள், கேடிஸ் குழாய்கள் அங்கே மாட்டிக்கொண்டிருக்கும். ஒரு மேஃபிளை வலையில் ஒட்டிக் காய்ந்து போனால் அதன் கணக்கு அங்கேயே முடிந்தது.

வேறு ஓடைக்குப் போகும் முன் வலை, பூட்ஸ், தட்டு எல்லாவற்றையும் கழுவி முழுக்கக் காயவையுங்கள். ஓர் ஓடையின் நோயையோ அயல் உயிரையோ ஈர வலை அடுத்த ஓடைக்குக் கொண்டுபோய்விடும். காய்ந்த பின்னும் இரண்டு நாள் விட்டுவிடுங்கள்.

அன்று மாலையே குறிப்பேட்டைச் சுத்தமாக எழுதுங்கள்: தேதி, நேரம், இடத்தின் அடையாளம், வெப்பநிலை, நீரின் ஆழம், மேலே இருந்தவை, கீழே இருந்தவை. கீழே இல்லாதவற்றுக்கு என்று தனியாக ஒரு பத்தி விடுங்கள். அடுத்த முறை போகும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பத்தியைத்தான்.